பின்துடுப்பு

எனக்கு மனிதர்களைப் பிடரியால்தான் தெரியும்.
பத்தொன்பது வருஷமாகப் படகின் கடைசியில் உட்காருகிறேன்.
முன்னால் மச்சான் ருப்பெர்த்தோவின் முதுகு,
நடுவில் பணம் கொடுத்தவர்களின் கழுத்து:
வெயிலில் சிவந்தது, பவுடர் திட்டாய் நிற்பது,
பச்சை குத்திய சிலுவை, சலூனில் நேற்று மழித்த கோடு.
பயந்தால் முதலில் தோளுக்குள் போவது அதுதான்.
முகம் பொய் சொல்லும். பிடரிக்குப் பழக்கமில்லை.

பதினான்கு பாய்ச்சல்கள்.
இறங்க அல்ல, ஏற.
பாறைக்குப் பாறை இரும்புக் குழாய் பதித்திருக்கிறோம்.
அதன்மேல் பங்காவை வழுக்கி ஏற்றி,
ஒரு பாறையைக் காலால் உதைத்து, இன்னொன்றில் தோளைக் கொடுத்து,
வானத்தை ஒரு கீற்றாக்கிய இரண்டு சுவர்களுக்கு நடுவே
எறும்பு அரிசியை இழுப்பதுபோல் இழுத்துப்போகிறோம்.
மனிலாவிலிருந்து வேனில் வருகிறவர்கள்
துறையிலேயே கேட்பார்கள்: மோட்டார் கிடையாதா?
"இருக்கு," என்பான் ருப்பெர்த்தோ, தன் தொடையைத் தட்டி,
"காலையில சோறு போட்டாச்சு."
தினமும் அதே ஜோக்.
சிரித்தால் இருபது பெசோ கூடும் என்பது அவன் கணக்கு.

சனிக்கிழமை ஒரு குடும்பம்.
அப்பா முன்னால், தண்ணீர் புகாத உறையில் போன்.
அம்மா அவர் முதுகைப் பிடித்தபடி.
லிகாயாவுக்கு ஏழு வயதிருக்கும்,
ஆரஞ்சு மிதவைச் சட்டைக்குள் கன்னம்வரை புதைந்தவள்,
ஏறியதும் திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.
என்னைப் பார்த்து.

"அருவி அந்தப் பக்கம்," என்றேன்.
தெரியும் என்பதுபோல் பார்த்தாள். திரும்பவில்லை.

என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?
இந்த ஆற்றில் அதற்கு இதுவரை வேலை இருந்ததில்லை.
மூன்றாம் பாய்ச்சலில் பல்லைக் கடித்தேன், பார்த்தாள்.
ஆறாவதில், போன வெள்ளத்தில் அடிபட்ட முழங்கால்
ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. விழுங்கினேன்.
அதையும் பார்த்தாள்.
மீன்கொத்தி ஒன்று நீலமாய்க் கிழித்துக்கொண்டு போனது.
குரங்கு, குரங்கு என்றாள் அம்மா. வெறும் வேர் அது.
பெரணிகள் சொட்டின.
ஒன்பதாவதற்குக் கீழே, தண்ணீர் மூச்சு வாங்கும் இடத்தில்,
அவள் சொன்னாள்:
"கல்லு வர்றதுக்கு முன்னாடியே உங்க மூஞ்சி மாறுது."

அப்புறம் விளையாட்டாகிவிட்டது.
என் புருவம் ஏறினால் "இப்போ!" என்பாள்,
படகு துள்ளும்.
பெற்றவர்கள் ஒவ்வொரு முறையும் அலறினார்கள்.
அவள் மட்டும் முன்பே கெட்டியாய்ப் பிடித்திருந்தாள்.

கடைசித் திருப்பத்தில் பேச்சு தானாக நிற்கும்.
அருவிக்கு முன்னால் அதன் காற்று வரும்,
நனைந்த நாய் உடம்பை உதறியதுபோல் முகமெல்லாம் பொடித்தண்ணீர்.
மூங்கில் தெப்பத்தில், நீருக்கு அடியில் புகுந்து
குகைவரை போய்வர ஆளுக்கு நூறு.
போனார்கள்.
நாங்கள் பாறையில் மல்லாந்து கிடந்தோம்,
வறுத்த வாழைப்பழம் ஒன்றை இரண்டாய்ப் பிய்த்து.
"உன் மூஞ்சிக்கு என்ன ஆச்சு?" என்றான் மச்சான்.

இறங்குவது இருபது நிமிஷம். அவள் தூங்கிவிட்டாள்.

துறையில் அப்பா போனைத் தேய்த்துத் தேய்த்துக் குறைப்பட்டுக்கொண்டார்,
கையை நீட்டி எடுத்த அத்தனை படத்திலும்
இவள் பிடரிதான்.
எட்டிப் பார்த்தேன்.
ஈரமுடி ஒட்டிய ஒரு சின்னப் பிடரி.
அதற்குப் பின்னால், ஒருவன்,
வாய் கோணி, நரம்பு புடைத்து,
ஒரு புருவம் மட்டும் மேலே ஏறி.
அழப்போகிறவனா, பாடப்போகிறவனா, சொல்ல முடியவில்லை.

மதியம் அடுத்த சவாரி. புதுமணத் தம்பதி.
அவள் கழுத்தில் மெல்லிய சங்கிலி, அவன் கழுத்தில் கொசுக்கடி.
ஐந்தாவது பாய்ச்சலில், வாய்க்குள்,
இப்போ, என்றேன்.
"என்ன?" என்றான் ருப்பெர்த்தோ திரும்பாமல்.
"ஒண்ணுமில்ல. கல்லு."